கமராவைக் கீழே வைக்காதேங்கோ

முரசுமோட்டை
12.05.2023

அன்புள்ள தங்கச்சி கமலாசனிக்கு,

உன் முழங்கால் நோ எப்படி? செல்வராசாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? நான் சுகமாக இருக்கிறேன். வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருப்பதால் சிறுபோகத் தண்ணீருக்கு அலையும் வேலை இந்த வருடம் எனக்கில்லை.

ரெலிபோன் இருக்க ஏன் கடிதம் என்று வழமை போல் கேட்பாய். என் காதுக்கு நீ கத்த வேண்டும். நீ கத்தினால் வவுனியா முழுக்கக் கேட்கும். கடிதம் கத்தாது.

ஒரு புதினம். நான் ஒரு கமரா வாங்கியிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே வாசி.

சென்ற மாதம் கஜனியின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு நடந்தது. கஜனி என்னிடம் படித்தவள். உன் அத்தான் போய் ஒரு வருடமாகி, ஆட்டத்திவசமும் முடிந்து நான் போன முதல் நல்ல காரியம் அது. வழக்கம் போல ஆராத்தித் தட்டுக்குக் கிட்டப் போனேன். கஜனி ஓடி வந்து, “ரீச்சர், நீங்கள் அந்தக் கதிரையிலை இருங்கோ. ஃபானுக்குக் கீழை இருங்கோ, களைச்சுப் போவியள்” என்றாள். எனக்குக் களைப்பு இருக்கவில்லை. போய் இருந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் பிள்ளை தெரியவில்லை, படம் எடுப்பவர்களின் முதுகு தான் தெரிந்தது. கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் விஜிதரன் தான் முன்னுக்கு நின்றான். பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினான். மாலையை நேராக்கினான். ஆராத்தி எடுத்த பெண்களை விலகச் சொன்னான். விலகினார்கள். அவனுடைய மனைவி இறந்து மூன்று மாதம் ஆகவில்லை. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுப்பவருக்குத் துடக்கும் தீட்டும் இல்லை, சகுனமும் இல்லை என்று அன்றைக்கு அறிந்துகொண்டேன்.

அடுத்த கிழமை அவனுடைய ஸ்ரூடியோவுக்குப் போனேன். அடையாள அட்டைப் படம் எடுக்கப் பாவித்த பழைய கமரா ஒன்று இருந்தது. “இது வயசு போன கமரா ரீச்சர், ஆனா உழைக்கும்” என்றான். அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப் போவோம் என்றேன். இரண்டு மாதம் வைத்துப் பார்க்கலாம், குறை கண்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது பேச்சு. மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்ரர்மார் எங்களுடைய நகத்தையும் கொலரையும் பார்த்தது போல் இதை நான் பார்க்கப் போகிறேன்.

உன் மகள் யதுர்ஷிகாவின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. அதற்குள் இதைச் சரி பார்த்துவிடுவேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும் அக்கா,
இராசமலர்

*

வவுனியா
24.05.2023

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் மாடிப்படியில் தான் வேலை காட்டுகிறது. இவருக்குச் சீனி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, “மச்சாள் இனிக் கல்யாண வீட்டிலை சனத்தை வரிசையா நிப்பாட்டி நகம் பாக்கப் போறா” என்றார். யதுர்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா, படத்துக்கு நாங்கள் ஏற்கனவே ஆள் பிடித்துவிட்டோம். இங்கே வவுனியாவில் பெயர் போன ஆட்கள், நான்கு பேர் வருவார்கள். மேலே பறக்கிற கமராவும் இருக்கிறதாம். நீங்கள் ஏன் இந்த வயதில் அதைத் தூக்கிக்கொண்டு மினக்கெடுகிறீர்கள்?

கூறைச் சேலை எடுத்தாகிவிட்டது. அரக்குச் சிவப்பு. நீங்கள் இருந்திருந்தால் கடைக்காரனை அழ வைத்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு உங்களுக்கும் ஒரு சேலை எடுத்தேன், வெளிர் சாம்பல் நிறம், மெல்லிய கரை. பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வெயிலில் வெளியே திரியாதேங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள் தங்கச்சி,
கமலாசனி

*

முரசுமோட்டை
30.05.2023

அன்புள்ள கமலாசனிக்கு,

நீங்கள் எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோசம். என் சுகத்துக்கும் குறைவில்லை. சாம்பல் நிறம் எனக்குப் பொருந்தும் என்று நீ முடிவு செய்துவிட்டாய். சரி.

கமராவோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு தந்தான். முழுவதும் வாசித்தேன். மூன்று இலக்கணப் பிழை இருக்கிறது, மற்றபடி விளக்கம் நல்லது. அதன்படியும் விஜிதரன் சொன்னபடியும் சோதிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

முதலில் ரோச்லைற்றை லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தேன். பழைய லென்ஸுகளுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் பிடிக்குமாம். இதில் இல்லை. பற்றரி வைக்கும் இடத்தில் கறளோ துருவோ இல்லை. மூடியைப் போட்டபடி ஒரு படம் எடுத்தேன். முழுக் கறுப்பாக வர வேண்டும், சிவப்போ வெள்ளையோ ஒரு புள்ளி தெரிந்தால் அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம். முழுக் கறுப்பாகவே வந்தது.

பிறகு வெறும் வெள்ளைச் சுவர் ஒன்றை எடுக்க வேண்டும், உள்ளே தூசி இருந்தால் சாம்பல் பொட்டாகக் காட்டும். இந்த வீட்டில் நல்ல வெள்ளைச் சுவர் உன் அத்தானின் படம் தொங்கும் சுவர் தான். படத்தைக் கழற்றிக் கதிரையில் சாய்த்து வைத்து, “கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது என்று பிறகு தான் நினைத்தேன். அப்போது மத்தியானம் ஆகிவிட்டது.

சுவரில் பொட்டு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முகம் ஒன்றைக் கண்டால் இந்தக் கமரா அதைச் சுற்றித் தானாக மஞ்சள் சதுரம் போடும். அதைச் சோதிக்க ஒரு முகம் தேவைப்பட்டது. கமராவை வீடு முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். குசினியில் ஒன்றும் போடவில்லை. அறையில் போடவில்லை. விறாந்தைக்கு வந்ததும் கதிரையில் இருந்த உன் அத்தானுக்குப் போட்டது. ஆகவே அதுவும் வேலை செய்கிறது.

இப்போது முக்கியமான விடயம். பிடித்த ஆட்கள் நான்கு பேரும் அல்பத்துக்கு எடுக்கட்டும். நான் குடும்பத்துக்கு எடுக்கிறேன். மணவறையின் வலப்பக்கம், தோழிக்குப் பின்னால் நிற்க நினைக்கிறேன். தாலி கட்டும்போது அங்கிருந்தால் கை மறைக்காது. உன் அபிப்பிராயத்தை எழுது.

செல்வராசாவிடம் அவருடைய நகத்தை முதலில் பார்ப்பேன் என்று சொல்.

அன்புடன் அக்கா,
இராசமலர்

*

வவுனியா
22.06.2023

அன்பான அக்காவுக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்காதேங்கோ. மண்டபம், ஐயர், பலகாரம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஓட்டம். நாங்கள் சுகம். உங்களுக்கு அந்தப் பழைய இருமல் திரும்பி வரவில்லையே?

கமராவைப் பற்றி எழுதியதை எல்லாம் இவருக்கு வாசித்துக் காட்டினேன். அத்தானுக்குச் சதுரம் போட்டதைக் கேட்டு எழும்பிப் போய்விட்டார்.

மண்டபம் நல்ல பெரிது. முதல் வரிசையில் உங்களுக்கு ஒரு கதிரை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், ஃபானுக்குக் கீழே. அங்கிருந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும். நீங்கள் ஆறுதலாக இருந்து பார்த்தால் தான் எனக்கும் நிமதி.

பழைய சாமான் அக்கா. நல்ல நேரத்தில் நின்று போனால் உங்களுக்குத் தான் மனவருத்தம். ஏதாவது ஒரு குறை இருக்கத் தானே செய்யும், இல்லாவிட்டால் அவன் ஏன் விற்கிறான்?

மாப்பிள்ளையின் தாய் கொஞ்சம் பழைய ஆள். எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கிறா, நேரம் பார்க்கிறா. நல்ல மனுசி தான்.

மருந்தைத் தவறவிடாதேங்கோ.

கமலாசனி

*

முரசுமோட்டை
28.06.2023

அன்புள்ள கமலாசனிக்கு,

இருமல் இல்லை. நலம். உன் கடிதத்தில் ‘நிம்மதி’ என்பதை ‘நிமதி’ என்று எழுதியிருக்கிறாய்.

நாட்டில் ஃபான் உள்ள இடமெல்லாம் எனக்கென்றே ஒதுக்கப்படுகிறது. நன்றி. ஆனால் மணவறைக்குக் கிட்ட நிற்பதைப் பற்றி நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. ஒரு தாள் தபாலில் தவறியிருக்க வேண்டும்.

ஏதாவது குறை இருக்கத் தானே செய்யும் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. அதனால் சனக்கூட்டத்தில் வைத்துச் சோதித்தேன். பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்குக் கொண்டு போனேன். நான் கமராவைத் தூக்கியதும் ஆட்கள் விலகி வழி விட்டார்கள். “ரீச்சர் படம் எடுக்கிறா, தள்ளுங்கோடா” என்று ஒரு பெடியன் மற்றவர்களைத் தள்ளினான். மூலஸ்தானத்தின் வாசல் வரை போனேன். கமரா ஒரு தரமும் நிற்கவில்லை. பற்றரி பின்னேரம் வரை தாங்கியது. வெளிச்சம் போடும் பல்ப் ஒவ்வொரு தரமும் அடித்தது.

உனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக ஐந்து படங்களைக் கழுவுவித்து இத்துடன் அனுப்புகிறேன். வயல், வாய்க்காலில் நின்ற கொக்கு, கோயில், எங்கள் முற்றத்து மாமரம். எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கும் ஐந்தாவதில் நிற்பது நான். கமராவைக் கிணற்றுக் கட்டில் வைத்து, தானாக எடுக்கும் விசையை அமத்திவிட்டு, மாமரத்துக்குக் கீழே போய் நின்றேன். முகத்துக்குச் சதுரம் போட்டது. ஆகவே என்னையும் அது கண்டுகொள்கிறது.

மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் விழுந்திருக்கும் திகதி பிழை. அதைப் பொருட்படுத்தாதே.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா,
இராசமலர்

*

முரசுமோட்டை
25.07.2023

அன்புள்ள கமலாசனிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. யாருக்காவது சுகமில்லையா? கல்யாண வேலை என்றால் பரவாயில்லை. வருத்தம் என்றால் உடனே எழுது, பஸ் எடுத்து வருவேன்.

திகதி ஏன் பிழைக்கிறது என்று விஜிதரனிடம் கேட்டேன். “உள்ளுக்கை ஒரு சின்னப் பற்றரி இருக்கு ரீச்சர். அது செத்துப் போச்சு. பெரிய பற்றரியைச் சார்ஜுக்குக் கழட்டினீங்களெண்டா, கமரா தான் பிறந்த திகதிக்குத் திரும்பிப் போயிடும்” என்றான். அது தான் எப்போது எடுத்தாலும் 2009 ஜனவரி முதலாம் திகதி என்று போடுகிறது. அந்தச் சின்னப் பற்றரியை மாற்ற இங்கே ஆளில்லை. பற்றரி போடும் ஒவ்வொரு முறையும் கையால் திருத்தினால் சரி.

அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. இரண்டு மாதத் தவணை முடிந்துவிட்டது. நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

படங்கள் கிடைத்தனவா? வயல் படத்தில் வரம்பின் புல் தனித்தனியாகத் தெரிவதைக் கவனித்தாயா?

பதில் போடு. சின்னக் கடிதமாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா,
இராசமலர்

*

வவுனியா
02.08.2023

அன்பான அக்காவுக்கு,

ஒருவருக்கும் வருத்தம் இல்லை. நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களுக்கும் சுகம் தானே.

படங்கள் போன மாதமே வந்தன. கடித உறையைப் பிரித்தது நான் அல்ல, இவர். மேலே இருந்தது நீங்கள் நிற்கிற படம். எங்கள் மாமரம், கீழே நீங்கள், மூலையில் அந்த வருடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “இதிலை நிருஷன் எங்கை நிக்கிறான்?” என்று கேட்டார்.

அக்கா, அந்த ஜனவரியில் என் மகன் இருந்தான். பதினாறு வயது. சித்திரை பிறந்தபோது இல்லை. அந்த ஜனவரிக்கு முந்திய மாதம் தான் சண்டைக்குத் தப்பி ஓட, அந்த மாமரத்துக்குக் கீழே உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றினோம், அவன் தான் மேலே நின்று கயிறு கட்டினான். இவர் அந்தப் படத்தில் அவனைத் தேடினார். மரத்துக்குப் பின்னால் நிற்பான் என்று தேடினார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தான் தன் பிழை விளங்கியது. படங்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உங்களில் கோபம் இல்லை. எழுதத் தான் கை வரவில்லை.

அந்தத் திகதி விழுகிற கமரா கல்யாண மண்டபத்துக்குள் வேண்டாம். ஒரு பிள்ளையை எடுத்த வருடம் மற்றப் பிள்ளையின் மணவறைக்கு வர வேண்டாம். நீங்கள் வாங்கோ. வந்து முன் கதிரையில் இருங்கோ. கமராவை வீட்டில் விட்டுவிட்டு வாங்கோ.

கமலாசனி

*

முரசுமோட்டை
06.08.2023

அன்புள்ள கமலாசனிக்கு,

உன் கடிதத்தை நேற்று வாசித்தேன். இன்றைக்கும் வாசித்தேன்.

நான் இலக்கத்தைப் பார்த்தேன், வருடத்தைப் பார்க்கவில்லை. பிழை பிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவளுடைய கண்ணில் அது படவில்லை. நானும் அந்த உழவு இயந்திரத்தில் தான் வந்தேன். இருந்தும் படவில்லை. என்னை மன்னித்துக்கொள். செல்வராசாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இதை நான் இலேசில் யாரிடமும் கேட்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தப் படங்களை எரித்துவிடு.

கையேட்டில் பார்த்து, படத்தில் திகதி விழாமல் செய்யும் இடத்தைக் கண்டுபிடித்தேன். நிறுத்திவிட்டேன். பற்றரியைக் கழற்றிப் போட்டும் பார்த்தேன். இப்போது எந்த வருடமும் விழுவதில்லை. சோதித்த படத்தை அனுப்பவில்லை. என் சொல்லை நம்பு.

நிருஷனுக்காக நீ பயப்படுவது எனக்கு விளங்கும். ஆனால் கமலா, நீ என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னது ஆனி மாதம். அந்தத் திகதியை நீ கண்டது அதற்குப் பிறகு.

யதுர்ஷிகாவை முதலில் குளிப்பாட்டியது நான். அவளுடைய கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்க என்னால் முடியாது. இதற்காகத் தான் இந்தக் கமரா. வேறு ஒன்றுக்கும் அல்ல.

கமராவில் இனிக் குறை இல்லை. அதன் பிறகும் நான் கிட்ட வரக் கூடாதென்றால் குறை வேறு எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று நீ எழுது. எனக்கு வாசிக்கத் தெரியும்.

உன் முழங்காலுக்கு எண்ணெய் பூசு.

இராசமலர்

*

வவுனியா
16.08.2023

அன்பான அக்காவுக்கு,

கல்யாணக் காட் இத்துடன் இருக்கிறது. முறைப்படி இவர் நேரில் வந்து வைக்க வேண்டும். வெற்றிலையோடு வர முடியாமல் போனதற்கு மன்னியுங்கோ, சீனி திரும்ப ஏறிவிட்டது.

உங்கள் கடிதத்தை மேசையில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். வந்து பார்க்க யதுர்ஷிகா அதை வாசித்துக்கொண்டிருந்தாள். “பெரியம்மா கிட்ட நிக்காட்டி நான் மணவறையிலை குந்த மாட்டன். பிறகு நீங்களே போய்க் குந்துங்கோ அம்மா” என்றாள். இவர் பக்கத்து அறையிலிருந்து, “உன்ரை அம்மா குந்தினா எழும்ப ஏலாது பிள்ளை, முழங்கால்” என்றார். கன நாளைக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கமராவோடு வாங்கோ அக்கா. வலப்பக்கம், தோழிக்குப் பின்னால். படம் எடுக்கிறவர்களிடம் சொல்லிவிட்டேன். கமரா கையில் இருந்தால் மாப்பிள்ளை பகுதியில் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். படம் எடுக்கிற அம்மா என்று நினைப்பார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. மணவறைக்குக் கிட்ட நிற்கும் வரை கமராவைக் கீழே வைக்காதேங்கோ.

கவனமாக வந்து சேருங்கோ.

கமலாசனி

*

முரசுமோட்டை
12.09.2023

அன்புள்ள கமலாசனிக்கு,

பிள்ளையும் மருமகனும் நலமா? செல்வராசாவின் சீனி இறங்கியதா? வீடு இப்போது பெரிதாகத் தெரியும். பழகிவிடும் என்று சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக்கு நில்லாமல் வந்துவிட்டேன் என்று நீங்கள் எல்லோரும் குறை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பஸ் தவறிவிடும் என்று நினைத்தேன். சேலை நல்ல தரம். கரை கொஞ்சம் அகலம்.

படங்களைக் கழுவுவித்து வேறாக அனுப்புகிறேன். பதினெட்டு தேறியது. பின் பக்கத்தில் பென்சிலால் இலக்கம் இட்டிருக்கிறேன். ஏழாவதில் செல்வராசா கண்ணை மூடியிருக்கிறார். ஒன்பதாவது தாலி கட்டும் நேரம். யாரோ எறிந்த பூ நடுவில் வந்துவிட்டது, இருந்தாலும் மருமகனின் விரல்கள் முடிச்சில் இருப்பது தெரிகிறது. எல்லோரும் பிள்ளைகளின் தலையில் அறுகரிசி போட்டார்கள். என் இரண்டு கையிலும் கமரா இருந்தது.

பதினேழாவதை ஆறுதலாகப் பார். பெரியவர்கள் வரிசையாக வந்து ஆசீர்வதித்துப் போன பிறகு எடுத்தது. “பெரியம்மா, கமராவை வைச்சிட்டு வாங்கோ, நீங்கள் எனக்கு அறுகரிசி போடேல்லை” என்று யதுர்ஷிகா என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்டபடியே கையை நீட்டினாள். கை லென்ஸை நோக்கி வருகிறது, முகத்தில் சிரிப்பு. அவளுடைய மணிக்கட்டை இன்னொரு கை பிடித்துக் கீழே இறக்குகிறது. ஆளின் முகம் படத்துக்குள் வரவில்லை. கையில் காப்பு இருக்கிறது. அம்மாவின் சோடிக் காப்பில் ஒன்று, முறுக்கு வேலை செய்தது.

நான் கமராவைக் கீழே வைக்கவில்லை. நீ கேட்டபடி.

படத்தில் கூர்மை சரியாக இருக்கிறது. காப்பின் முறுக்கு ஒவ்வொன்றும் தெரிகிறது. கமராவைப் பற்றி நீ இனிச் சந்தேகப்படத் தேவையில்லை.

எல்லோருக்கும் என் ஆசி.

இராசமலர்

*

வவுனியா
27.09.2023

அன்பான அக்காவுக்கு,

படங்கள் வந்தன. நீங்கள் சுகமா?

பெரிய அல்பமும் வந்தது. இவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, “மச்சாளைக் காணேல்லை” என்றார். இரண்டு தரம் பார்த்தோம். ஒன்றிலும் நீங்கள் இல்லை. ஒரு படத்தில் சாம்பல் சேலையின் கரை மட்டும் இருக்கிறது.

பதினேழாவதை இவருக்குக் காட்டவில்லை.

அது என் கை தான் அக்கா. மாப்பிள்ளையின் தாய் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுகூட இருக்கவில்லை. பிறகு கதைக்கும்போது, “உங்கடை அக்கா ஏன் பிள்ளைக்கு அறுகரிசி போடேல்லை?” என்று அவா தான் என்னைக் கேட்டா. அவாவின் பெயரைச் சொல்லி உங்களுக்கு எழுதியதெல்லாம் என்னுடைய பயம் தான். உங்களில் ஒரு குறையும் இல்லை. எனக்கு மிஞ்சி இருந்தது ஒரே ஒரு பிள்ளை, அது மட்டும் தான் கண்ணுக்குத் தெரிந்தது. யோசிக்க முதலே கை போய்விட்டது.

யதுர்ஷிகா என்னோடு எல்லாம் கதைக்கிறாள். இதைப் பற்றி மட்டும் ஒன்றும் கதைக்கிறாள் இல்லை.

அந்தப் படத்தைக் கமராவிலிருந்து அழித்துவிடுங்கோ அக்கா. உங்களிடம் இருக்கிற பிரதியையும் கிழித்துவிடுங்கோ. அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் தனிய அந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

கமலாசனி

*

முரசுமோட்டை
09.10.2023

அன்புள்ள கமலாவுக்கு,

நான் சுகம். மழை இன்னும் தொடங்கவில்லை. பெரும்போகத்துக்கு உழுகிறார்கள், நாள் முழுக்க உழவு இயந்திரச் சத்தம் கேட்கிறது. என் காதுக்கே கேட்கிறது.

உன் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

படத்தை நான் அழிக்கவில்லை. அழிக்க மாட்டேன். நான் அதை எதற்காகப் பார்க்கிறேன் என்று நீ பிழையாக விளங்கிக்கொண்டாய். அன்றைக்கு முழுக்க அந்த மண்டபத்தில் என்னைப் பார்த்து நீண்ட கை அது ஒன்று தான். அது இருப்பதும் அந்த ஒரு படத்தில் தான்.

இருந்தாலும் உன் மனம் கஷ்டப்படக் கூடாதென்று விஜிதரனிடம் கொண்டு போனேன். பிடித்து இறக்கும் கையை வெட்டிவிட்டுப் பிள்ளையின் கையை மட்டும் வைக்க முடியுமா என்று கேட்டேன். கொம்பியூட்டரில் போட்டு, பெரிதாக்கி, கன நேரம் பார்த்தான். “ரெண்டும் ஒண்டாப் பிடிச்சுக்கொண்டு நிக்குது ரீச்சர். இதை வெட்டினா அதுவும் போயிடும்” என்றான்.

ஆகவே வெட்டவில்லை. இரண்டு கையும் இருக்கட்டும் என்று சொல்லி, சட்டம் போடக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செல்வராசாவை நடக்கச் சொல். பிள்ளைக்கு என் அன்பு.

உன் அக்கா,
இராசமலர்